தூரம் விற்றவள்

பதிவு மேசையில் தத்தா காவ்டே
பூங்கோதை என்ற பெயரை மூன்று முறை கேட்டார்,
பேனாவை உதறினார்,
பிறகு பூஜா என்று எழுதிக்கொண்டார்.
திருத்தவில்லை நான்.
பின்னால் நீண்ட வரிசை.
வரிசையின் கோபம் என்னைவிட யாருக்குத் தெரியும்?

வயது நாற்பத்தொன்பது. ரத்தம் பி நெகட்டிவ்.
வேண்டுதல் என்ற கட்டத்தில்
குறுக்கே ஒரு கோடு இழுத்தேன்,
ரத்தான டிக்கெட்டில் இழுப்பதுபோல.

"எனக்கு நம்பிக்கை கிடையாது" என்றேன்.
அவர் முகத்தைப் பார்க்கவில்லை, செருப்பைப் பார்த்தார்.
"கொப்புளம் உடைந்தால் என்னவென்று கத்துவீர்கள்?"
"அம்மா என்றுதான்."
"நாங்களும் ஆயீ என்றுதான்.
பாபா பேர் அதற்கப்புறம்தான் வரும்.
இந்தச் செருப்பு ஆகாது."

குர்லா நிலையம், மூன்றாம் சாளரம்.
இருபத்திரண்டு வருடம்
கண்ணாடியில் வெட்டிய அரைவட்டத் துளை வழியே
தூரத்தை விற்றேன்.
தாணே பத்து ரூபாய். கசாரா இருபத்தைந்து.
எத்தனை ஆயிரம் கசாரா கொடுத்திருப்பேன்,
சில்லறைக்குச் சண்டை போட்டபடி.
ஒருநாளும் போனதில்லை.
காவ்டே கணக்கில் அது நான்காம் நாள் இரவு.
மலையேற்றம் அங்கேதான் தொடக்கமாம்.

ஞாயிறுதோறும் சுனாபட்டியிலிருந்து முலுண்ட் சுங்கச்சாவடி வரை
நெடுஞ்சாலை ஓரமாய் நடந்து பழகினேன்.
விக்ரோளியில் அலையாத்திக் காட்டின் சேற்று வாசம்
சாலைக்கு ஏறி வருகிறது.
ரயில் ஜன்னல் இதைச் சொன்னதே இல்லை.
திரும்பும்போது பாஸ் இருந்தது கையில்,
கால்தான் இல்லை.

தாராவியிலிருந்து அண்ணன் போன்:
"கறுப்புச் சட்டைக்காரர் மகள் ஷிர்டிக்கா?"
காலால் நடக்கப் போகிறேன், அண்ணா,
காலில் விழப் போகவில்லை.
சிரித்தான். வைக்கும்முன்
"குடை எடுத்துக்கோ" என்றான்,
ஜனவரியில்.

ஊசி. கறுப்பு நூல்:
கொப்புளத்தில் கோத்து அப்படியே விட்டுவிட வேண்டும்,
நீர் தானாக வடியும்.
வாசலின். உப்புப் பொட்டலம்.
சாக்ஸை உள்புறம் வெளியே திருப்பிப் போடு,
தையல் விரலைக் கடிக்காது.
நகங்களை வெட்டியாயிற்று.
பழைய பேப்பர்க்காரர் தராசுக் கொக்கியில்
பையை மாட்டினேன்: நாலே முக்கால்.
ஐந்தைத் தாண்டக் கூடாது என்பது காவ்டே சட்டம்.

சாயங்காலம் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.
ஷமீம், கைக்குட்டை முடிச்சில் பதினோரு ரூபாய்,
மகனின் விசாவுக்கு.
வாக்மாரே, ஒரு தேங்காய்,
மாமனாரின் மில் பாக்கி இன்னும் வரவில்லை.
எஸ்தர் ஜெயமணி இரண்டு மெழுகுவர்த்தி:
"நாசிக்கில் குழந்தை ஏசு கோயில் வழியில்தானே?"
வழியில் இல்லை. வாங்கிக்கொண்டேன்.
இரண்டாம் மாடிப் பையன்
நான்காய் மடித்த ஒரு தாளோடு நின்றான்.
பிரிக்க மாட்டேன் என்று சத்தியம் கேட்டான்.
எதன் மேல் என்று
அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும்.

"நம்பாதவளிடம் ஏன் கொடுக்கிறீர்கள்?"
எஸ்தரிடம்தான் கேட்க முடிந்தது.
"நீ பாக்கிச் சில்லறை
ஒரு ரூபாய் குறைக்காமல் கொடுப்பவள்" என்றாள்,
மீன் வாங்க நேரமாகிவிட்டது அவளுக்கு.

இரவு நோட்டில் கோடு போட்டேன்.
பெயர். பொருள். சேர வேண்டிய இடம்.
கணக்கு நேராகாமல்
ஒருநாளும் சாளரத்தை மூடியதில்லை.
கூட்டிப் பார்த்தேன், தூக்கிப் பார்த்தேன்.
தராசுக்காரர் போய்விட்டார்,
ஆனாலும் தோளுக்குத் தெரிகிறது, ஐந்தைத் தாண்டியாயிற்று.
தேங்காயை வைத்துக்கொண்டு
என் இரண்டாவது துண்டை வெளியே எடுத்தேன்.
பிறகு குடையை.

பையனின் தாள் உப்போடு வேண்டாம், ஈரம் வாங்கும்.
மூன்றாம் நாள்தான் போடப் போகும் சாக்ஸுக்குள்
மடிப்புக் கலையாமல் செருகினேன்.